பிராட்வேயில் இருந்த வயல்

நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது கிடங்கில் இருந்தவர்கள் இவர்கள்.

முதலாளி. மேசைக்குப் பின்னால்.

கணக்கு எழுதும் பெண். அவள் கையில் என் போன்.

என்னோடு மூட்டை சுமக்கும் கூட்டாளி. அரிசி மூட்டைகளை அடுக்கிய அட்டியில் சாய்ந்து நின்றார்.

ஆந்திராவிலிருந்து லோடு கொண்டு வந்த லாரி டிரைவர். வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான்.

வேறு யாரும் இல்லை. வெளியே மழை. என்ன வார்த்தை, அதற்கு ஏன் சாட்சி வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு அரிசிக் கிடங்கில் சுமை தூக்குகிறேன். ஊர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றது. தமிழ் படிப்பேன். மலையாளம் பேசுவேன். அதை வாசிக்க எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஊரில் எண்பது சென்ட் வயல் இருக்கிறது. அத்தா விட்டுப்போனது. வரி ரசீது என் பெயரில். பாடு என் தங்கையுடையது. மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஆள் கூப்பிடுவது, நாற்று நடுவது, தண்ணீர் காப்பது எல்லாம் அவள்தான். எனக்கு வீட்டுக்கு அரிசி வரும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

ஊரில் ஒரு தடவை முகாம் போட்டார்கள். நெல் விவசாயிகளுக்குப் போனில் யோசனை வரும், எப்போது மழை, என்ன பூச்சி, என்ன மருந்து எல்லாம் ஒரு ஆப் சொல்லும் என்றார்கள். தங்கை போய் வரிசையில் நின்றாள். வரி ரசீதில் யார் பெயரோ அவர் நம்பரைத்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்ததும் பட்டன் போன். என் நம்பரைக் கொடுத்தாள். மூட்டையோடு நடந்துகொண்டிருந்த எனக்கு ஓடிபி வந்தது. இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து போனில் நான் விவசாயி. என் காலில் சேறு பட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

செய்தி ஒவ்வொன்றும் ‘பிரியப்பட்ட கர்ஷகா’ என்று தொடங்கும். விவசாயிக்கு மலையாளத்தில் கர்ஷகன். கணக்குப் பெண் அதை வாசிக்கும்போது கூட்டாளி கேட்டுவிட்டார். அவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்த தமிழர். பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார். அதற்குப் பிறகு எனக்கு அதுதான் பெயர்.

“எந்தா கர்ஷகா, இன்னிக்கு ஏர் பூட்டலையா?”

“பூட்டணும். மாடு நீதான்.”

அதோடு நிற்கும்.

வேலை நடந்த விதம் இது. பயிரில் ஏதாவது கண்டால் தங்கை கீழ்வயல்காரரைக் கூப்பிடுவாள். அவர் வயல் எங்கள் வயலை ஒட்டி, ஒரு அடி தாழ்வாக இருக்கிறது. அவரிடம் நல்ல போன் உண்டு. அவர் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதை ஆப்பில் போடுவேன். பதில் மலையாளத்தில் வரும். கணக்குப் பெண் வாசிப்பாள். அவளும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. அவள் சொல்வதைக் கேட்டு நான் தங்கைக்குச் சொல்வேன். வயல் அங்கே, போன் இங்கே. நடுவில் இத்தனை பேர்.

போன வருஷம் அப்படித்தான் இலைச்சுருட்டுப் புழுவைப் பிடித்தோம். ஆப் சொன்ன அன்றைக்கே தங்கை மருந்து அடித்தாள். பக்கத்து வயல்களெல்லாம் வெளுத்தபோது எங்களுடையது பச்சையாக நின்றது. அதிலிருந்து அவளுக்கு ஆப் மேல் நம்பிக்கை.

இந்த வருஷம் முதல் போகம் சரியில்லை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்து, சாய்ந்த கதிர் முளைத்துவிட்டது. இரண்டாம் போகம் நட்டுவிட்டுத் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணே, இந்தப் போகம் இருபது மூட்டையாவது வரணும். வீட்டுக்கு, வெதைக்கு, மிஷின் கூலிக்கு. அதுக்குக் கொறஞ்சா நிக்க முடியாது.”

“நல்ல போகத்துல முப்பது வருமே.”

“நல்ல போகத்துல. இருபது வரலைன்னா வயலப் பாட்டத்துக்கு விட்டுடறேன். கீழ்வயல்காரர் ரெண்டு வருஷமாக் குத்தகைக்குக் கேட்டுட்டு இருக்கார்.”

“நீ?”

“திருப்பூர் போறேன். பனியன் மடிக்கற வேலை இருக்காம்.”

சரி என்றேன். அவளுக்கு அந்த ஊர் பிடிக்காது. ஒரு தடவை போய் நாலு நாளில் திரும்பி வந்தவள். அங்கே மண்ணே கண்ணில் படவில்லை என்றாள்.

நாற்று நட்ட சமயத்தில் என் போன் படகுத்துறையில் தண்ணீரில் விழுந்தது. படகில் ஏறும்போது. எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையில் பழைய போன் ஒன்று வாங்கினேன். கடைக்காரரே எல்லா ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தார்.

“அது என்னென்னவோ கேட்கும் இக்கா. எல்லாத்துக்கும் ஓகே கொடுத்துட்டேன். இனி ஒண்ணும் கேட்காது.”

நல்லது என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மழைச் செய்தி இரண்டு தரம் பொய்த்தது. மழை என்று சொல்லும், ஊரில் பெய்யாது. மழைதானே, சொன்னபடி எப்போது பெய்தது என்று விட்டுவிட்டோம்.

அந்த நாள் டிசம்பர் மாதம். கடலில் புயல் சின்னம். காலையிலிருந்தே மட்டாஞ்சேரியில் மழை அடித்தது. ஆந்திரா லாரி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. அரிசி லோடு. மழையில் இறக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கீழ்வயல்காரரிடமிருந்து படம் வந்தது. தண்டின் அடி. பழுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சி, அடை போல அப்பியிருந்தது. அடுத்ததாகத் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணே, தூரைத் தட்டினா பொரி மாதிரி தெறிக்குது. நடு வயல்ல ஒரு எடம் மஞ்சளிச்சிருக்கு. சட்டுனு போட்டுக் கேளு.”

போட்டேன். பதில் உடனே வந்தது. கணக்குப் பெண் வாசித்தாள்.

“முஞ்ஞ-ன்னு போட்டிருக்கு இக்கா. வயல்ல தண்ணிய வடிச்சுடணுமாம். மூணு நாலு நாள் காயணும். அதுக்கப்பறம் வேணும்னா தண்டு அடியில மருந்து.”

தங்கையிடம் சொன்னேன்.

“முஞ்ஞைன்னா நம்ம புகையான்தான். அது எனக்கே தெரியுது. தண்ணியத்தான் யோசிக்கறேன்.”

அவள் யோசித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் இரண்டாம் போகத்துக்கு வாய்க்கால் தண்ணீர்தான். அதுவும் முறை வைத்து வரும். எங்கள் முறை முந்தின நாள்தான் முடிந்தது. அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து. கதிர் பால் பிடிக்கிற நேரம். அப்போது வயல் காய்ந்தால் நெல் பதராகும். வடிக்காவிட்டால் புகையான் தின்னும். வடித்துவிட்டால் பன்னிரண்டு நாளுக்குத் தண்ணீர் இல்லை.

“மழை ஏதாவது சொல்லுதா அண்ணே?”

கணக்குப் பெண் அதையும் பார்த்தாள்.

“நாலு நாளைக்குப் பலமான மழைன்னு இருக்கு. இன்னிக்கு முதல்.”

“மழை இருக்காம்” என்றேன்.

“இங்கயா?”

“வயலுக்குத்தான் போட்டிருக்கு.”

கிடங்கின் தகரத்தில் மழை விழுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது.

“அங்க பெய்யுதே.”

“காலைலேர்ந்து.”

“அப்போ இங்கயும் ஏறி வரும். செரி, மடையத் தொறந்துடறேன். மழை நெறச்சுக்கும். தொறந்துட்டு டவுனுக்குப் போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்.”

“சரி” என்றேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். போன் சத்தமிட்டது. ‘பிரியப்பட்ட கர்ஷகா, உங்கள் வயலில் இப்போது மழை பெய்கிறது.’ கணக்குப் பெண் வாசித்ததும் நான் காலை நீட்டிக்கொண்டேன். கூட்டாளி பீடியை எடுத்தார்.

“கர்ஷகன் பிழைச்சான். சாயா வாங்கிக் கொடு.”

வாங்கிக் கொடுத்திருப்பேன். அதற்குள் இன்னொரு படம் வந்தது. கீழ்வயல்காரர் அனுப்பியது. எங்கள் மடையிலிருந்து தண்ணீர் அவர் வயலில் கொட்டுகிறது. அதன் கீழே அவர் கும்பிடு பொம்மை ஒன்று போட்டிருந்தார். படத்தில் வரப்பின் நிழல் கறுப்பாக, கத்தி போல விழுந்திருந்தது. தண்ணீர் பளபளத்தது.

கூட்டாளியிடம் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கினார்.

“நல்ல வெயிலாணல்லோ. மழை எங்கே? காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணமோ?”

கணக்குப் பெண் போனை வாங்கினாள். மழைச் செய்தியைத் தொட்டாள். ஒரு வரைபடம் விரிந்தது. அதில் நீலப் புள்ளி. விரலால் பெரிதாக்கினாள்.

“இக்கா. உங்க வயல் பிராட்வேயில இருக்கு.”

“என்ன?”

“போன் வாங்கின எடம் எது?”

சொன்னேன்.

“அங்கதான் புள்ளி நிக்குது. வயல் எங்கன்னு அது கேட்டிருக்கும். நின்ன எடத்துக்கே ஓகே கொடுத்துட்டாங்க.”

கூட்டாளி சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

மழை சரிதான். எர்ணாகுளத்துக்குச் சரி. பூச்சியும் சரிதான். இடம்தான் தப்பு. அங்கே வெயிலில் மடை திறந்து கிடந்தது.

தங்கையைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. டவுனுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். போன் பையின் அடியில் இருக்கும். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கீழ்வயல்காரரைக் கூப்பிட்டேன். அவரும் எடுக்கவில்லை.

மழை சட்டென்று குறைந்தது. முதலாளி எழுந்து வாசலுக்கு வந்தார். மலையாளி, தமிழ் கலந்துதான் பேசுவார்.

“மழை விட்டு. வேகம் எறக்கு. அடுத்த மழைக்கு முன்ன பாதியாவது உள்ள வரணும்.”

“மொதலாளி, ஒரு போன் பண்ணணும்.”

“மூட்டை நனஞ்சா நீயா பதில் சொல்றே?”

டிரைவர் தார்ப்பாயை இழுத்தார். சுமக்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது என்பது கிடங்குச் சட்டம். கணக்குப் பெண்ணிடம் கொடுத்தேன்.

“மாத்தி மாத்தி அடிச்சுட்டே இரும்மா. ரெண்டு பேர்ல யார் எடுத்தாலும் மடைய மூடச் சொல்லு.”

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு லாரிக்குக் கீழே நின்றேன். முதல் மூட்டை இறங்கியது.

மடை ஒரு முழம் அகலம். எண்பது சென்ட் வடிய எவ்வளவு நேரமாகும் என்று மூட்டைக்கு அடியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. சாயங்காலத்து அஸர் தொழுகைக்குள் சேறு தெரியும் என்பது மட்டும் தெரிந்தது. உள்ளே வரும்போது கணக்குப் பெண்ணைப் பார்ப்பேன். அவள் போனைக் காதில் வைத்தபடி தலையை அசைப்பாள். அட்டியில் போட்டுவிட்டு வெளியே போவேன். மறுபடி வருவேன். மறுபடி தலையை அசைப்பாள். கூட்டாளி என் முன்னால் நடந்தார். வழக்கமாக மூட்டைக்கு ஒரு பேச்சு பேசுவார். அன்று பேசவில்லை. ஒரு தரம் மட்டும் திரும்பாமலே சொன்னார்.

“அவன் எடுக்க மாட்டான். தண்ணி சும்மா கிட்டுது. எடுப்பானா?”

நானும் அதைத்தான் நினைத்தேன். எங்கள் வயல் காய்ந்தால் அவருக்குப் பாட்டம். எங்கள் தண்ணீரும் அவருக்கு. எடுக்காமல் இருக்க அவருக்குக் காரணம் இருந்தது.

பாதி லோடு உள்ளே வந்தபோது மழை மறுபடி பிடித்தது. டிரைவர் தார்ப்பாயை மூடினார். எல்லோரும் உள்ளே வந்தோம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பெண் கையைத் தூக்கினாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“யாரு? ஊர்ப்பட்ட தரம் அடிச்சிருக்கு?” கீழ்வயல்காரர் குரல். தூக்கத்திலிருந்து எழுந்தது போல இருந்தது.

“நான்தான். மடைய மூடுங்க.”

“எந்த மடை?”

“எங்க மடைதான். மழை அங்க இல்ல. தப்பா வந்துடுச்சு. தண்ணி பூராப் போயிடும். ஓடிப் போய் மூடுங்க.”

நான் மறுபடி சொன்னேன்.

“நீ சொல்றே” என்றார். “தங்கச்சி தன் கையால தொறந்தது. அது சொல்லணும்.”

“அவ பஸ்ஸுல இருக்கா. எடுக்க மாட்டேங்கறா.”

“அப்போ வரட்டும்.”

“வர்றதுக்குள்ள ஒண்ணும் இருக்காது.”

“இங்க பாரு. அடுத்தவன் மடையில நான் கை வெச்சதில்ல. எங்கப்பனும் வெச்சதில்ல. இன்னிக்கு நான் மூடி, நாளைக்குப் புகையான் தின்னுச்சுன்னு வெச்சுக்க. ஊர் என்ன சொல்லும்? பாட்டத்துக்குக் கண்ணு வெச்சவன், வேணும்னே மூடினான்னு சொல்லும். சொல்லாதா?”

அது உண்மை. எங்கள் பக்கம் மடை விஷயம் அப்படி. யார் மடையோ அவர்தான் தொடலாம். தண்ணீர் உடைத்துக்கொண்டு போனாலும் பக்கத்து ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார். தொட்டால் அது வழக்கு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இதற்காக மண்டை உடைந்திருக்கிறது.

“வயல் யார் பேர்ல?” என்று கேட்டார்.

“என் பேர்ல.”

“அப்போ நீ சொல்லலாம். நாலு பேர் கேக்கச் சொல்லணும். அங்க யாரு இருக்காங்க?”

சொன்னேன். முதலாளி. கணக்கு எழுதற பொண்ணு. என் கூட்டாளி. லாரி டிரைவர்.

“கேக்கறாங்களா?”

“ஞான் கேட்டு. நீ போய் மூடு மனுஷா” என்று முதலாளி மேசையிலிருந்து கத்தினார். மழை நிற்காத கோபம் அவருக்கு. கூட்டாளி “கேட்டு, கேட்டு” என்றார். கணக்குப் பெண் “நானும் இருக்கேன்” என்றாள். டிரைவருக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. கிளாஸைத் தூக்கி “நானு கூட” என்றார்.

நான் சொன்னேன்.

“என் மடையில உங்க கை படலாம். மூடுங்க. இது என் வாக்கு. பயிர் போனாப் பழி என் மேல. உங்க மேல இல்ல.”

இதுதான் அந்த வார்த்தை.

“செரி” என்றார். “செருப்பு எங்க கெடக்குன்னு பாக்கறேன்.”

போனை வைத்தார். அவர் வீட்டிலிருந்து வயல் கூப்பிடு தூரம் இல்லை. நடக்க வேண்டும். ஓடுவாரா நடப்பாரா என்று தெரியாது. முதலாளி மறுபடி கணக்கில் குனிந்தார். கூட்டாளி அணைந்த பீடியை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஓட்டை விழுந்த தகரம் ஒன்றிலிருந்து சாக்கின் மேல் சொட்டியது. நான் போய்ச் சாக்கை நகர்த்தினேன்.

“ஓடற ஆளா அவர்?” என்று கணக்குப் பெண் கேட்டாள்.

“வாதம். முழங்கால்ல.”

அவள் போனை மேசையில் திரை மேலே தெரிய வைத்தாள்.

படம் வந்தது. மடை அடைபட்டிருந்தது. மண், அதன் மேல் ஒரு கல், கல்லின் மேல் மறுபடி மண். ஈர மண்ணில் அவருடைய அஞ்சு விரலும் பதிந்திருந்தது. நன்றாகத்தான் மூடியிருந்தார். ஆனால் படத்தின் மேல் பகுதியில் வயல் தெரிந்தது. அங்கங்கே சேறு திட்டுத் திட்டாக வெளியே வந்திருந்தது. தண்ணீர் இடுக்கில் மட்டும் நின்றது.

தங்கை கூப்பிட்டாள்.

“இத்தனை தரம் கூப்பிட்டிருக்கியே, என்ன? மருந்துக் கடையில நிக்கறேன்.”

சொன்னேன். மடையை மூடச் சொன்னதையும் சொன்னேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“பிராட்வேன்னா என்ன எடம்?”

“கடைத்தெரு. எர்ணாகுளத்துல.”

“அங்க என்ன வெளையும்?”

“ஒண்ணும் வெளையாது.”

“ம்” என்றாள். வைத்துவிட்டாள்.

மழை மாலை வரை விடவில்லை. மீதி லோடு மறுநாள்தான் இறங்கியது.

முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் வைட்டிலாவில் பாலக்காடு பஸ் பிடித்தேன்.

வயலில் இறங்கினேன். தங்கை வரப்பில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நின்ற இடம் எல்லாம் ஈரச் சேறு. மேட்டுப் பக்கம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. புகையான் பெரும்பாலும் போயிருந்தது. தண்ணீர் வடிந்ததும் தங்கை அடித்த மருந்தும் வேலை செய்திருந்தன. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தீய்ந்து கிடந்தது, ஒரு லாரி திரும்புகிற அளவு. அதை விட்டால் கதிர் எல்லாம் பச்சைதான். நெல்லை நசுக்கினால் பால் வந்தது.

“பால் இருக்கு” என்றேன்.

“இருக்கு. இருக்கணும்னா தண்ணி வேணும்.”

கீழ்வயலைப் பார்த்தேன். வரப்பு விளிம்பு வரை தண்ணீர். தவளை கத்திக்கொண்டிருந்தது.

“அவர் முறை எப்போ?”

“நமக்கு அஞ்சு நாள் முன்னாடி.”

“கேட்டியா?”

“நான் கேக்க மாட்டேன்.”

“ஏன்?”

“கேட்டாப் பாட்டத்தப் பேசுவார்.”

சாயாக்கடைக்குப் போனேன். அவர் அங்கேதான் இருப்பார். இருந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இன்னும் சில பேர். அவர்கள் இருந்தது நல்லது.

“வா வா. என்னை ஓட வெச்ச ஆளு.”

“ஓடினீங்களா?”

“பின்ன? மூணு நாளா முட்டி வீங்கிக் கெடக்கு.”

ஓடினாரா என்று எனக்குத் தெரியாது. முட்டி வீங்கியிருந்தது.

“உங்க வயல்ல நிக்கறது எங்க தண்ணி” என்றேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸை இறக்கினார்கள்.

“வந்த தண்ணியில பேர் எழுதியிருக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

“உங்க முறை வரும்போது உங்களுக்கு வேண்டியிருக்காது. வயல் நெறஞ்சு கெடக்கு. அதை எங்க பக்கம் திருப்பி விடுங்க.”

“முறைய மாத்தறதா? இனாமாவா?”

“இனாம் இல்ல. எங்க முறை வரும்போது நீங்க எடுத்துக்கங்க.”

“அப்போ எனக்கு வேண்டாமே. அறுப்பு வந்துடும்.”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி ஏன் வரல?” என்று கேட்டார்.

“நான் வந்திருக்கேன்.”

அவர் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

“முழுசாத் தர மாட்டேன். மேட்டுல எனக்கு இன்னொரு வயல் இருக்கு, அதுக்கும் வேணும். விடியக்காலையிலிருந்து மத்தியானம் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற வரைக்கும் உங்களுக்கு. பாங்கு கேட்டதும் நான் திருப்பிடுவேன். அப்பறம் ஒரு சொட்டு கேக்கக் கூடாது.”

“சரி.”

“இவங்கள்லாம் கேட்டாச்சு.”

“கேட்டாச்சு.”

தங்கையிடம் போய்ச் சொன்னேன்.

“பாதி போதாது” என்றாள்.

“தெரியும்.”

“பாட்டம் பேசினாரா?”

“இல்ல.”

அதைக் கேட்டு அவள் வரப்பிலிருந்து எழுந்தாள்.

“அந்தப் புள்ளிய இங்க கொண்டு வா” என்றாள்.

நடு வயலுக்குப் போய் நின்றோம். கணக்குப் பெண் எதை எதைத் தொட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். தொட்டேன். வெயிலில் திரை தெரியவில்லை. தங்கை முந்தானையை எடுத்து மேலே பிடித்தாள். மலையாளத்தில் ஒரு கேள்வி வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். இது உங்கள் வயலா என்று கேட்டது.

“ஆமான்னு போடு” என்றாள்.

போட்டேன்.

“நீ கொச்சிக்குப் போனாலும் இது இங்கதான நிக்கும்?”

“நிக்கும்.”

“போன் மறுபடி தண்ணியில விழுந்தா?”

“மறுபடி வர்றேன்.”

பாதி முறைத் தண்ணீர் வந்தது. பாங்கு கேட்டதும் நின்றது. எங்கள் சொந்த முறை, மேலே வாய்க்கால் இடிந்து, தாமதமாக வந்தது. அதற்கிடையில் ஆப் தினமும் செய்தி அனுப்பியது. மழை இல்லை. மழை இல்லை. இப்போது சரியாகச் சொன்னது. கணக்குப் பெண் வாசிக்கத் தயங்கினாள். வாசி என்றேன். ஒவ்வொரு நாளும் தங்கைக்குச் சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டாள். மேட்டுப் பக்கம் பதர் ஆகிறது என்று ஒருநாள் சொன்னாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அறுப்பு மிஷின் வந்த அன்று என்னால் போக முடியவில்லை. கிடங்குக்கு இரண்டு லாரி வந்திருந்தது. மூட்டை பிடிக்கும் நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள்.

“எண்ணப் போறேன் அண்ணே. இருபது வருதான்னு கேட்டுக்க.”

போனைக் கணக்கு மேசையில் வைத்தேன். மிஷின் சத்தம், ஆட்கள் சத்தம். சாக்குத் தைக்கிற ஆள் ஏதோ அதட்டினார். தங்கை எண்ணத் தொடங்கினாள். எங்கள் பக்கம் முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டோம்.

“லாபம்.”

பிறகு ரெண்டு, மூணு. நான் போய் ஒரு மூட்டை எடுத்து வந்தேன். வரும்போது ஏழு. அடுத்த நடைக்குப் பதினொன்று. கூட்டாளி மூட்டையோடு மேசைப் பக்கம் ஒதுங்கி நடந்தார். வழி அது இல்லை.

பதினாறு. பதினேழு.

“குவியல் தீருதா?” என்று கூட்டாளி கேட்டார்.

தெரியாது என்று கை காட்டினேன்.

பதினெட்டு. அதற்குப் பிறகு இடைவெளி. யாரோ கூட்டுகிற சத்தம்.

“பத்தொம்பது” என்றாள். நின்றுவிட்டாள்.

“என்ன ஆச்சு?”

கீழ்வயல்காரர் குரல் தூரத்தில் கேட்டது. அவரும் வரப்பில் வந்து நின்றிருக்கிறார். என்ன சொன்னார் என்று புரியவில்லை. கணக்குப் பெண் பேனாவை மூடினாள். முதலாளி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமக்கச் சொல்லவில்லை.

“இரு அண்ணே. வாய்க்கால் ஓரத்துல அறுத்தத மிஷின் இன்னும் கொட்டல.”

மிஷின் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. பிறகு நெல் கொட்டுகிற சத்தம். அது எவ்வளவு நேரம் கொட்டுகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றேன். சட்டென்று நின்றது. சாக்கு உதறினார்கள். அவள் வாய்விட்டு எண்ணவில்லை. ஊசி இழுக்கும் ஆளின் முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“எத்தனை?” என்றேன்.

அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

“இருபத்திரண்டு.”